எந்த லூயி? ஒரே பெயரில் அரசர்களும் புனிதர்களும்

பழங்காசு:

பிரான்ஸ் அரசர்களில் லூயி என்ற பெயர் 18 வரை எண் போட்டுக்கொண்டு போகிறது. அதில் ஒன்பதாமவர் மட்டும் புனிதர். சிலுவைப் போருக்குப் போன இடத்தில், துனிசில், 1270இல் நோயில் இறந்தார். 1297இல் புனிதர் பட்டம் கிடைத்தது. இவரைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று.

எனக்குப் பிடித்தது இன்னொரு லூயி. அவரும் புனிதர்தான், ஆனால் எந்த நாட்டையும் ஆண்டவர் இல்லை. நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்லஸின் மகன். ஒன்பதாம் லூயிக்குத் தம்பியின் பேரன். அப்பா எதிரியிடம் பிடிபட்டு விடுதலையானபோது, அவருக்கு ஈடாக இந்தப் பையனும் சகோதரர்களும் அரகோன் நாட்டில் (இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதி) பிணைக்கைதிகளாக 1288 முதல் 1295 வரை இருந்தார்கள். வெளியே வந்ததும் அரசுப் பட்டம் வேண்டாம் என்று தம்பி ராபர்ட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பிரான்சிஸ்கன் துறவியாகி, துலூஸ் நகரத்து ஆயர் (பிஷப்) ஆனார். 23 வயதில் இறந்தார்.

தேதிகளைப் பாருங்கள். பெரிய தாத்தா லூயிக்குப் புனிதர் பட்டம் 1297 ஆகஸ்ட் 11. பேரன் லூயி இறந்தது அதே ஆகஸ்ட் 19. இருபது வருடம் கழித்து 1317இல் அவருக்கும் பட்டம் வந்துவிட்டது. உடனே தம்பி ராபர்ட் காலத்தில் சிமோனே மார்த்தினியின் ஓவியம் ஒன்று: தேவதூதர்கள் லூயிக்கு விண்ணகத்து முடி சூட்டுகிறார்கள், அவர் கையால் மண்ணகத்து முடியை, மண்டியிட்ட ராபர்ட்டுக்குச் சூட்டுகிறார். ராபர்ட்டின் அரியணை உரிமையைக் கேள்வி கேட்க அவருடைய மூத்த அண்ணன் மகன் ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஓவியம் யாருக்காக என்பது புரிந்துவிடும்.

சரி, கேள்வி இதுதான். அரசருக்கும் புனிதருக்கும் ஒரே பெயர் இருக்கும் இடங்களில் அது தற்செயலா, யாராவது திட்டமிட்டுச் செய்ததா? வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதாவது கதை இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

சந்தேகப் பிராணி:

தற்செயல்தான். இடைக்கால ஐரோப்பாவில் புழக்கத்தில் இருந்த பெயர்களே கொஞ்சம். ஜான், வில்லியம், ஹென்றி, தாமஸ் என்று ஒரு கைப்பிடி. எட்டாம் ஹென்றியின் அரசவையை எடுத்துக்கொள்ளுங்கள்: தாமஸ் வுல்சி, தாமஸ் மோர், தாமஸ் கிராம்வெல், தாமஸ் கிரான்மர். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதிகாரத்தின் உச்சியில். இதில் மோர் பிற்பாடு கத்தோலிக்கப் புனிதர். இதற்காக ஹென்றி தாமஸ்களைத் தேடித் தேடி வேலைக்கு வைத்தார் என்று சொல்வோமா?

பெயர்கள் குறைவாகவும் ஆட்கள் நிறையவும் இருந்தால் மோதத்தான் செய்யும். அதற்குள் திட்டம் தேடுவது நம்முடைய ஆசை, வரலாறு இல்லை.

நீலமலர்:

அமைச்சர்களுக்கு அந்தக் கணக்கு சரிவரும். அரசகுலத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது வேறு சமாச்சாரம். அங்கே அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள்தான் சுழலும். சுழற்சிக்கு வெளியிலிருந்து ஒரு பெயர் உள்ளே வந்தால் ஏதோ காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். 1066இல் நார்மன்கள் வந்தபின் அரியணையில் வில்லியம், ஹென்றி, ஸ்டீபன், ரிச்சர்ட், ஜான். எட்வர்ட் என்பது தோற்றுப்போன ஆங்கிலோ-சாக்சன் குலத்தின் பெயர். அதைத் தன் மூத்த மகனுக்கு 1239இல் வைத்தவர் மூன்றாம் ஹென்றி. ஏன்? 1066 ஜனவரியில் இறந்த அரசர் எட்வர்டுக்கு 1161இல் புனிதர் பட்டம் கிடைத்திருந்தது. ஹென்றி அவருடைய தீவிர பக்தர். எட்வர்ட் கட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தை 1245 முதல் இடித்துத் திருப்பிக் கட்டினார். 1269இல் புனிதரின் உடலைப் புதிய இடத்துக்கு மாற்றினார். இரண்டாவது மகனுக்கு வைத்த பெயர் எட்மண்ட். அதுவும் ஒரு புனித அரசரின் பெயர்தான். இரண்டு மகன்களுக்கும் ஆங்கிலோ-சாக்சன் புனித அரசர்களின் பெயர்கள் தற்செயலாக வந்து விழுந்தன என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பையன்தான் முதலாம் எட்வர்ட். ஆனால் அவருக்கு முன்பே மூன்று எட்வர்டுகள் இங்கிலாந்தை ஆண்டிருக்கிறார்கள். மூவரில் இருவர் புனிதர்கள்: 978இல் கோர்ஃப் என்ற இடத்தில் கொல்லப்பட்ட தியாகி எட்வர்ட் ஒருவர், மேலே சொன்னவர் இன்னொருவர். முதலாமவர் இரண்டாமவருக்குப் பெரியப்பா முறை. நார்மன் வெற்றிக்குப் பிறகுதான் எண் தொடங்கும் என்று வைத்துக்கொண்டதால் மூவருமே எண் இல்லாமல் நிற்கிறார்கள். பெயரின் பலனை அனுபவித்த முதலாம் எட்வர்டோ புனிதத்துக்கு வெகுதூரம். 1290இல் யூதர்களை நாட்டை விட்டே துரத்தியவர்.

மாடிப்படி:

கான்ஸ்டன்டைனை யாரும் சொல்லவில்லையே. கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராக 330இல் தொடங்கிவைத்தவர் கான்ஸ்டன்டைன். 1453 மே 29 அன்று துருக்கியரிடம் அதை இழந்து மாண்ட கடைசிப் பேரரசரும் கான்ஸ்டன்டைன், பதினோராமவர். இருவருக்கும் அம்மா பெயர் ஹெலனா. முதல் ஹெலனா சிலுவையைத் தேடிக் கண்டெடுத்தவராகப் போற்றப்படும் புனிதை. கடைசி ஹெலனா செர்பிய இளவரசி. கணவருக்குப் பிறகு கன்னியாஸ்திரியாகி 1450இல் இறந்தார், கீழைத் திருச்சபை (ஆர்த்தடாக்ஸ்) அவரையும் புனிதையாக வணங்குகிறது.

முதல் கான்ஸ்டன்டைனும் கீழைத் திருச்சபையில் புனிதர்தான். பெற்ற மகன் கிறிஸ்பஸுக்கே மரண தண்டனை கொடுத்தவர் என்பது அவர் கணக்கில் எப்படி எழுதப்பட்டதோ தெரியவில்லை.

சந்தேகப் பிராணி:

மாடிப்படி, இது என் கட்சிக்குத்தான் வலு. அந்தக் கடைசி ஹெலனா ஒன்றும் பேரரசைத் திட்டம் போட்டு முடித்துவைக்கவில்லையே! பேரரசர்கள் பதினொரு முறை அதே பெயரை வைத்தால், கடைசியில் யாரோ ஒருவர் அந்தப் பெயரோடு மாட்டத்தான் செய்வார்.

வடகரை:

பெயர் வைப்பதில் திட்டம் இருந்ததோ இல்லையோ, வைத்த பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கதைகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகின்றன.

ஹங்கேரி அரசர் இரண்டாம் ஆண்ட்ரூவின் மகள் எலிசபெத். பிறப்பு 1207. ஜெர்மனியின் தூரிங்கியாவுக்கு மருமகளாகப் போனார். கணவர் லுட்விக் 1227இல் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் இறந்தார். எலிசபெத் மார்பூர்கில் மருத்துவமனை அமைத்து, நோயாளிகளுக்குத் தன் கையாலேயே பணிவிடை செய்து, 24 வயதில் 1231இல் காலமானார். நாலே வருடத்தில் புனிதை.

அவருடைய தங்கை (அப்பா ஒருவர், அம்மா வேறு) அரகோன் நாட்டுக்கு அரசியாகப் போனவர். அந்தத் தங்கையின் மகன்வழிப் பேத்திக்கு, பாட்டியின் அக்கா நினைவாக வைத்த பெயர் எலிசபெத். அந்த ஊர் வழக்கில் இசபெல். அவர் போர்த்துகல் அரசர் தினிசை மணந்து, கணவருக்குப் பின் கொயிம்ப்ராவில் கிளாரா சபை மடத்தருகே வாழ்ந்து 1336இல் இறந்தார். 1625இல் அவரும் புனிதை.

இப்போது அந்தப் புகழ்பெற்ற ரோஜா அற்புதம். ஏழைகளுக்குக் கொடுக்க அரசி எதையோ மடியில் மறைத்து எடுத்துப் போகிறாள். கணவன் வழிமறித்து "என்ன அது?" என்கிறான். மடியைத் திறந்தால் ரோஜாக்கள். ஹங்கேரியிலும் ஜெர்மனியிலும் கேட்டால் இது எங்கள் எலிசபெத்தின் கதை என்பார்கள், மடியில் ரொட்டி. போர்த்துகலில் கேட்டால் இது எங்கள் இசபெல், மடியில் இருந்தது காசு, அதுவும் ரோஜா பூக்காத ஜனவரி மாதம்.

மூத்த எலிசபெத்தின் புனிதர் பட்ட விசாரணையில் அவருடைய நான்கு தோழியர் கொடுத்த சாட்சியங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ரோஜா கிடையாது. போதாக்குறைக்கு அந்த லுட்விக் மனைவியின் தானதர்மத்துக்கு ஆதரவாக நின்றவர். கதைக்கு ஒரு கடுகடுத்த கணவன் தேவைப்பட்டதால் அந்த நல்ல மனிதர் பலியாகிவிட்டார்.

செப்பேடு:

வடகரை சொன்ன தாவல் தமிழ், கேரள மரபில் இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. சேரமான் பெருமாள்.

சைவ மரபில் அவர் கழறிற்றறிவார் நாயனார், சுந்தரரின் தோழர். பெரியபுராணம் சொல்வது: சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் புறப்பட்டதை அறிந்த சேரமான் தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதினார், குதிரை வானில் பாய்ந்து யானைக்கு முன்னால் போயிற்று. கயிலையில் அவர் பாடியது திருக்கயிலாய ஞான உலா. திருவஞ்சைக்களத்தில் ஆடி சுவாதி அன்று இன்றும் விழா.

அதே வஞ்சைக்களத்துக்குப் பக்கத்தில், கொடுங்கல்லூரில், சேரமான் ஜும்மா பள்ளிவாசல். கேரள முஸ்லிம் மரபில் சேரமான் பெருமாள் நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கப்பலேறி மக்காவுக்குப் போனவர். இரண்டு கதையிலும் அரசன் ஆட்சியை விட்டுவிட்டுத் திரும்பி வராத பயணம் போகிறான். வாகனமும் போகும் ஊரும்தான் வேறு.

வைணவத்துக்கு ஒரு பெருமாள்: குலசேகரர். "கொல்லி காவலன் கூடல் நாயகன் கோழிக்கோன் குலசேகரன்" என்று தன்னைப் பற்றித் தானே பாடிக்கொள்கிறார். பெருமாள் திருமொழி 105 பாசுரங்கள். திருவேங்கடத்தில் "படியாய்க் கிடந்து உன் பவளவாய் காண்பேனே" என்று வேண்டியதால் கருவறை வாசற்படிக்கே குலசேகரன் படி என்று பெயர்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பம். மகோதயபுரத்தில் (அதே கொடுங்கல்லூர்தான்) ஆண்ட சேரர்கள் குலசேகரன் என்பதை அரசுப் பட்டமாகவும் பயன்படுத்தியவர்கள். தபதீ ஸம்வரணம், சுபத்ரா தனஞ்ஜயம் என்ற சமஸ்கிருத நாடகங்களை எழுதியவர் ஒரு குலசேகரவர்மன். முகுந்தமாலை பாடியவர் ஒரு குலசேகரன். இந்த மூன்று பேரும் ஒருவரா, இருவரா, மூவரா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். கூடவே பாண்டியர்களிலும் குலசேகரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையை ஆண்ட மாறவர்மன் குலசேகரன் அவர்களில் பெரிய ஆள். திருவிதாங்கூர் மன்னர்களும் பட்டத்தில் குலசேகரப் பெருமாளைச் சேர்த்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆழ்வாரின் காலத்தைப் பெயரை வைத்துத் தேடினால் எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது.

சந்தேகப் பிராணி:

செப்பேடு ஐயா, பெருமாள், குலசேகரன் எல்லாம் பட்டங்கள். இந்த இழை முதற்பெயரைப் பற்றியது. பட்டம் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. சுந்தரர், சுந்தர சோழன், சுந்தர பாண்டியர்கள் என்று அடுத்து யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: மதுரைக் கடவுளே சோமசுந்தரர். திருவிளையாடலில் அவரே சுந்தர பாண்டியனாக முடிசூடி ஆண்டிருக்கிறார். அரசனுக்கும் அடியாருக்கும் ஒரே இடத்திலிருந்து, கோயிலிலிருந்து, பெயர் வருகிறது. அடியார் பெயரைப் பார்த்து அரசன் வைத்துக்கொண்டான் என்பதற்கு இங்கே தடயம் இல்லை.

செப்பேடு:

சுந்தரர் விஷயத்தில் நீங்கள் சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது. அவருக்கு வீட்டில் வைத்த பெயரும் நம்பி ஆரூரர்தான், திருவாரூர் இறைவன் பெயர்.

ஆனால் அடியாரின் பெயரை வேண்டுமென்றே வைக்கும் பழக்கம் இங்கே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். திங்களூர் அப்பூதியடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். திருநாவுக்கரசரை நேரில் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயர், தண்ணீர்ப் பந்தலுக்கு அவர் பெயர், வீட்டில் அளக்கும் படிக்குக்கூட அவர் பெயர். அவர் அரசர் இல்லை, உண்மைதான். அரசர்கள் இதைச் செய்யாததற்குக் காரணம், அரியணை ஏறும்போது சோழன் என்றால் இராசகேசரி, பரகேசரி. பாண்டியன் என்றால் சடையவர்மன், மாறவர்மன் என்று மாறி மாறி வரும் பெயர்கள் தயாராகக் காத்திருந்தன. உரிமையைக் காட்ட அதுவே போதும், அடியாரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை.

பிறைநிலா:

அரசர் அடியாரிடம் பெயர் வாங்கியதற்குச் சந்தேகமே இல்லாத சான்று வேண்டுமா? அக்பர்.

பிறந்த குழந்தைகள் தங்காமல் தவித்த அக்பர், சிக்ரியில் இருந்த சூஃபி ஞானி ஷேக் சலீம் சிஷ்தியிடம் போனார். மகன் பிறப்பான் என்று ஞானி சொன்னார். 1569இல் அதே சிக்ரியில் மகன் பிறந்தான், பெயர் சலீம். அக்பர் அங்கே ஃபதேபூர் சிக்ரியைக் கட்டினார். ஞானி 1572இல் மறைந்தார், அவருடைய வெள்ளைப் பளிங்கு தர்கா இன்றும் அந்த வளாகத்தின் நடுவில்.

சலீம் பெரியவனாகி எழுதிய நினைவுக் குறிப்புகளில், அப்பா தன்னை ஒருநாளும் சலீம் என்று கூப்பிட்டதில்லை, எப்போதும் ஷேக்கு பாபாதான் என்கிறார். மகனுக்கு வைத்தாயிற்று, ஆனால் ஞானியின் பெயரைச் சும்மா வாயில் போட்டுக் கூப்பிட மனம் வரவில்லை போலும்.

அடுத்தது இன்னும் சுவை. 1605இல் அரியணை ஏறியதும் அவர் ஜஹாங்கீர் என்று மாற்றிக்கொண்டார். காரணத்தையும் அவரே எழுதுகிறார்: சலீம் என்ற பெயர் ரூம் நாட்டு மன்னர்களின் பெயரைப் போல இருக்கிறதாம். அதாவது துருக்கியின் உஸ்மானிய சுல்தான்கள். முதலாம் சலீம், இரண்டாம் சலீம் இருவரும் இவர் பிறந்த அதே நூற்றாண்டில் ஆண்டவர்கள். சூஃபியின் பெயரைப் பக்தியோடு வாங்கி, கடைசியில் வேறு அரசர்களின் பெயரோடு மோதியதால் கழற்றிவைத்தார்கள். பெயர் ஒன்றாக இருப்பது அவர்களுக்கே தொந்தரவாக இருந்திருக்கிறது, நமக்கு மட்டும் இல்லை.

இன்னொருவர் திப்பு சுல்தான். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயர் அது. ஆற்காட்டு ஞானியைவிட மைசூர்க்காரர் பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

பழங்காசு:

பிறைநிலா, இந்த மாதிரி ஒன்றுக்காகத்தான் இழையே தொடங்கினேன். பெயர் வைத்தது யார், ஏன், கழற்றியது யார், ஏன் என்று நாலும் கிடைத்துவிட்டது. பெயரைக் கழற்றிய வேறு யாராவது ஐரோப்பாவில் உண்டா?

நீலமலர்:

உண்டு, அதுவும் நாட்டின் காவல் புனிதரின் பெயரையே.

பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வென்செஸ்லாஸ். செக் மொழியில் வாத்ஸ்லாவ். 10ஆம் நூற்றாண்டுக் கோமகன். தம்பி போலெஸ்லாவின் ஆட்கள் ஆலய வாசலில் அவரைக் கொன்றார்கள். பாட்டி லுட்மிலாவும் கொலையுண்ட புனிதை. குடும்பமே அப்படி. உயிரோடு இருந்தபோது அவர் அரசர் இல்லை, கோமகன் மட்டுமே. அரசர் என்பது பிறகு ஒட்டவைத்தது. அதனால் எண்ணில் ஒரு சிக்கல்: 1230இல் பட்டமேற்ற அரசரும் முதலாம் வென்செஸ்லாஸ்தான்.

1316இல் பிராக் நகரில் பிறந்த இளவரசனுக்குத் திருமுழுக்கில் வைத்த பெயர் வென்செஸ்லாஸ். ஏழு வயதில் பாரிசுக்கு அனுப்பினார்கள். அங்கே உறுதிபூசுதல் என்ற கிறிஸ்தவச் சடங்கின்போது, அத்தை கணவரான பிரெஞ்சு அரசரின் பெயரை எடுத்துக்கொண்டான்: சார்லஸ். அவர்தான் பின்னாளில் பேரரசர் நான்காம் சார்லஸ், பிராக் நகரின் பாலத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பெயர் கொடுத்தவர்.

பெயரைக் கழற்றினாலும் ஆள் புனிதரை விடவில்லை. பொஹீமியாவுக்குப் புது மகுடம் செய்வித்து, இது என்னுடையது இல்லை, புனித வென்செஸ்லாஸுடையது, அவர் மண்டையோட்டின் மேல்தான் இருக்கும், அரசர்கள் முடிசூட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார். மகுடத்தின் சொந்தக்காரர் இறந்த புனிதர் என்றால் அடுத்த வம்சம் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கெட்டிக்காரத்தனம்.

தான் விட்ட பெயரை மகனுக்கு வைத்தார். அந்த நான்காம் வென்செஸ்லாஸ் அப்பாவின் பேரைக் கெடுத்த பிள்ளை. 1393இல் பிராக் பேராயரோடு மடத்தலைவர் பதவி ஒன்றை யார் நிரப்புவது என்று தகராறு. பேராயரின் துணைவர் ஜான் என்ற குருவைப் பிடித்துச் சித்திரவதை செய்து, அப்பா கட்டிய பாலத்திலிருந்தே வல்டாவா ஆற்றில் தூக்கிப் போட்டார்கள். அரசி பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) சொன்ன ரகசியத்தை வெளியிட மறுத்ததால் கொன்றார்கள் என்ற கதை பின்னால் வளர்ந்தது. 1729இல் அவர் நெப்போமுக் ஜான் என்ற புனிதர். புனிதரின் பெயர் தாங்கிய அரசன் இன்னொரு புனிதரை உண்டாக்கிக் கொடுத்தான்.

சந்தேகப் பிராணி:

மகுடக் கதை அருமை. ஆனால் அது நான் சொல்லவந்த இன்னொன்றுக்கு வழி விடுகிறது. அரசர் புனிதராவதே பெரும்பாலும் பின்னால் வருபவரின் தேவை.

ஹங்கேரியின் ஸ்டீபன். பிறந்தபோது வாய்க் என்ற பெயர், திருமுழுக்கில் முதல் வேதசாட்சி ஸ்டீபனின் பெயர். 1038இல் இறந்தார். அவர் ஆட்சியின் கடைசியில் வாசுல் என்ற உறவினர் அரியணைக்கு வரக்கூடாது என்று கண்ணைக் குருடாக்கினார்கள். 45 வருடம் கழித்து 1083இல் ஸ்டீபனைப் புனிதராக்கியது யார்? அந்த வாசுலின் பேரன், அரசர் லாடிஸ்லாஸ்!

தாத்தாவின் கண்ணைப் பிடுங்கியவரை ஏன் பேரன் வணங்க வேண்டும்? முறைப்படி முடிசூடிய சாலமோனை லாடிஸ்லாஸ் சிறையில் வைத்திருந்தார். அவருடைய உரிமை ஆட்டம் கண்டிருந்தது. ஸ்டீபனின் கல்லறை மூடியைத் தூக்க முடியவில்லை, சாலமோனை விடுவித்ததும்தான் அசைந்தது என்று அந்தக்கால வரலாற்று நூலே சொல்கிறது. விடுதலை, சமரசம், புனிதர், எல்லாம் ஒரே வாரத்து அரசியல் மாதிரி இருக்கிறது. 1192இல் லாடிஸ்லாஸும் புனிதரானார். ஸ்டீபன் என்ற பெயரும் அரசர்களிடையே ஐந்தாம் ஸ்டீபன் வரை ஓடியது.

ஒன்பதாம் லூயிக்கும் அப்படித்தான். பட்டம் கொடுத்த போப் எட்டாம் போனிஃபேஸ், லூயியின் பேரன் நான்காம் பிலிப்போடு வரி விஷயத்தில் மோதிச் சமாதானம் தேடிய வருடம் 1297.

வடகரை:

பாதிதான் ஒத்துக்கொள்வேன். மேலிருந்து வருவது மட்டும் கதை இல்லை. நார்வேயைப் பாருங்கள்.

1030இல் ஸ்டிக்லஸ்டாட் சண்டையில் ஓலாஃப் ஹரால்ட்சன் கொல்லப்பட்டார். கொன்ற படையில் பெரும்பாலும் அவருடைய சொந்தக் குடிகள், நார்வே விவசாயிகள். ஒரே வருடத்தில், 1031இல், உடலை எடுத்துப் பார்த்து ஆயர் கிரிம்கெல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அப்போது ஆட்சி டென்மார்க்கின் கனூட் கையில். கனூட்டின் மகனும் அவன் தாயும் நார்வேயை வரிபோட்டு வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்சியில் இருந்தவர்களுக்கு இந்தப் புனிதர் தலைவலி. கும்பிட்டவர்கள் கீழே இருந்த மக்கள்.

அதோடு இன்னொரு ஓலாஃப் இருந்தார், ட்ரிக்வாசன். 995 முதல் ஆண்டவர், நார்வேயில் கிறிஸ்தவத்தைக் கத்தி முனையில் பரப்பியதில் முன்னோடி. அவர் ஏன் புனிதராகவில்லை? 1000இல் ஸ்வோல்டர் கடற்போரில் கப்பலிலிருந்து குதித்தார், உடல் கிடைக்கவில்லை. தப்பித்துப் புனித பூமியில் துறவியாக இருக்கிறார் என்று வதந்தி வேறு. என் கருத்து இது: வணங்க உடல் வேண்டும். பேழையில் வைக்க எலும்பு இருந்த ஓலாஃபுக்கு ட்ரான்ட்ஹைமில் பேராலயமும் யாத்திரையும் வந்தது. எலும்பில்லாத ஓலாஃபுக்குச் சாகாக்கள் (வடநாட்டுப் பழங்கதைகள்) மட்டும். நீலமலர் சொன்ன மண்டையோடு, மகுடம் எல்லாம் இதே கணக்குதான்.

பழங்காசு:

வடகரையின் எலும்புக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. செர்பியாவில் உடல் இருந்தும் ஒருவர் விடுபட்டிருக்கிறார்.

நெமான்யா குலத்து அரசர்கள் எல்லோரும் ஸ்டெஃபான் என்பதை முன்னால் போட்டுக்கொள்வார்கள். ஸ்டெஃபான் மிலுடின், ஸ்டெஃபான் டெச்சான்ஸ்கி, ஸ்டெஃபான் டுஷான் என்று. குலத்தைத் தொடங்கிய ஸ்டெஃபான் நெமான்யா 1196இல் ஆட்சியை மகனிடம் விட்டுவிட்டுத் துறவியானபோது ஸ்டெஃபானையும் விட்டுவிட்டுச் சிமியோன் ஆனார். இளைய மகன் சாவாவோடு சேர்ந்து கிரேக்க நாட்டு அத்தோஸ் மலையில் ஹிலாந்தர் மடத்தை எழுப்பினார். அப்பா, மகன் இருவரும் புனிதர்கள். அதற்குப் பின் அந்தக் குலத்தில் பட்டமேறியவர்களில் பலர் வரிசையாகப் புனிதர்கள். மகனையே குருடாக்கத் தண்டனை விதித்த மிலுடின்கூடப் புனிதர்!

விடுபட்டவர் டுஷான். அத்தனை பேரிலும் பெரிய வெற்றியாளர், 1346இல் பேரரசராக முடிசூடியவர். ஆனால் அப்பா டெச்சான்ஸ்கியைக் கவிழ்த்து அரியணை ஏறினார். 1331இல் அப்பா சிறையிலேயே கொல்லப்பட்டார். அப்பா புனிதர், மகன் இல்லை. மகனின் மகன், ஒன்றுக்கும் உதவாத அரசர் என்று பேர் வாங்கிய உரோஷ், அவரும் புனிதர். ஸ்டெஃபான் என்று போட்டுக்கொண்டால் மட்டும் உள்ளே விட்டுவிடவில்லை.

புதுக்கரை:

முழு இழையும் படித்தேன். போப்புகள் கணக்கில் வருவார்களா? அவர்கள் தாங்களே பெயரைத் தேர்ந்தெடுப்பதால் தற்செயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2025இல் வந்த பதினான்காம் லியோகூட, தொழிலாளர் பற்றி 1891இல் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்துத்தான் அந்தப் பெயரை எடுத்ததாகச் சொன்னார். லியோ பெயரில் பேரரசர்களும் உண்டு இல்லையா?

நீலமலர்:

உண்டு, கவனமாகப் படிக்காவிட்டால் கவிழ்த்துவிடுவார்கள். மூன்றாம் லியோ என்று பார்த்தால் இருவர். 717இல் கான்ஸ்டான்டினோபிளில் பட்டமேற்றுத் திருவுருவ வழிபாட்டை எதிர்த்த பேரரசர் ஒருவர். 800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் ஷார்லமேனுக்கு முடிசூட்டிய போப் ஒருவர். நடுவில் பல பத்தாண்டு இடைவெளி இருப்பதால் தேதியைப் பார்த்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

முதலாம் லியோவில் தேதியும் கைகொடுக்காது. போப் முதலாம் லியோ 440 முதல் 461 வரை. 452இல் அட்டிலாவை எதிர்கொண்டு பேசிய புனிதர் அவர்தான். பேரரசர் முதலாம் லியோ 457இல் பட்டமேற்றார். நாலு வருடம் ரோமில் ஒரு லியோ, கான்ஸ்டான்டினோபிளில் ஒரு லியோ. 451இல் கால்சிடனில் கூடிய திருச்சங்கத்தின் (ஆயர்களின் பேரவை) முடிவைக் கைவிடக்கூடாது என்று போப் பேரரசருக்குத் தொடர்ந்து எழுதினார். அந்தக் கடிதங்களில் அனுப்புநரும் லியோ, பெறுநரும் லியோ. தலைப்பில் ஆயர் என்று இருந்தால் போப், அகஸ்டஸ் என்று இருந்தால் பேரரசர்.